பழைய துணியும் புதுச் சேலையும்

எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு வாயில் இருக்கிறது. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், அம்பத்தூருக்கும் அண்ணனூருக்கும் இடையில் உள்ள திருமுல்லைவாயில் நிலையத்தில் மாலை வேளைகளில் வந்து இறங்குகிறவர்களுள் பெரும்பாலோர் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள். கையில் சாப்பாட்டுப் பையும், முகத்தில் பகல் முழுதும் உழைத்த களைப்புமாக அவர்கள் விரைந்து நடப்பதை நாள்தோறும் காண்கிறேன்.

வீடு திரும்பாதவர்களும் சிலர் உண்டு. கடைகள் அடைக்கப்பட்ட பிறகு சி.டி.எச். சாலையோரத்துக் கடைவாசல்களில் சாக்கு விரித்துப் படுக்கிறவர்கள் அவர்கள். பங்குக் குடும்பங்களின் பதிவேடு என் மேசைமேல் இருக்கிறது. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் எல்லாம் அதில் உண்டு. கடைவாசலில் படுக்கிறவர் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை. இந்தப் பங்குக்கு வந்து நான்காம் ஆண்டில்தான் இது என் கருத்தில் பட்டது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது பட்ட விதத்தை எழுதவே இக்கட்டுரை.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றிரவு வலுத்த மிக்ஜாம் புயல் மழை மறுநாள் முழுவதும் கொட்டித் தீர்த்ததை இவ்வட்டாரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். அம்பத்தூர், ஆவடிப் பகுதித் தெருக்களில் முழங்கால் அளவு நீர், மின்சாரம் இல்லை. ஆலய மண்டபத்தைத் திறந்துவிட்டோம், அடுப்பு மூட்டினோம். இதில் பெருமை கொள்ள ஏதுமில்லை. அந்நாள்களில் எல்லாச் சமயத்தாரும் எல்லாத் தெருக்களிலும் அதைச் செய்தார்கள். வெள்ளம் வந்தால் இரங்குவது எளிது. வெள்ளம் வடிந்த பின்னரே நம்முடைய இரக்கத்தின் ஆழம் தெரிய வருகிறது.

மண்டபத்தில் தங்கியவர்கள் வீடுகளுக்குத் திரும்பிவிட்ட ஒரு நண்பகலில், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் ஆலயத்தின் இரும்புக் கதவருகே வந்து நின்றார். உடுத்தியிருந்த சேலை சேற்று நிறமாகி இரண்டிடத்தில் கிழிந்திருந்தது. தோளில் ஒரு பழைய துவாலை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. தெலுங்கு கலந்த தமிழில் தமக்குள்ளேயே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எனக்கோ அன்று குழுக்கூட்டம் இருந்தது. கோவில்பிள்ளையை அழைத்து, துணிப் பெட்டியிலிருந்து ஒரு சேலை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன்.

துணிப் பெட்டியைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். ஏழைகளுக்கென்று ஆடைகள் இடும்படி ஆலய வாசலில் பெரிய மரப்பெட்டி ஒன்று வைத்திருந்தோம். ஆண்டுக்கு நான்கு முறை நிரம்பும். அதில் வந்து விழுவனவற்றை ஒரு முறையேனும் நீங்கள் காண வேண்டும்! பொத்தான் இல்லாத சட்டைகள், இடுப்புப் பட்டி அறுந்த கால்சட்டைகள், சாயம்போன திரைச்சீலை. ஒரு முறை ஒற்றைச் செருப்பு. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அலமாரியில் இடம் வேண்டியிருந்தது, பெட்டியும் திறந்திருந்தது, அவ்வளவே.

கோவில்பிள்ளை நைலக்ஸ் சேலை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அந்த அம்மாள் அதை வாங்கினார், விரித்தார், முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு ஒழுங்காக மடித்துப் படிக்கட்டின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அறையின் சாளரம் வழியே அதைக் கண்டேன். கண்டவுடன் என் உள்ளத்தில் எழுந்தது இரக்கம் அன்று, சினம். கையேந்தி வந்தவருக்கு இத்தனை ரோசமா என்று எண்ணினேன். அன்று மாலைத் திருப்பலியில், வருகின்ற மெசியாவுக்காக உள்ளத்தின் கதவைத் திறந்து வைப்பது பற்றி நான் ஆற்றிய மறையுரை நன்றாக இருந்ததாகப் பலர் சொன்னார்கள்.

மறுநாள் காலை எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்மணி என்னைக் காண வந்தார். கணவரை இழந்தவர். தென் மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்து, அம்பத்தூரில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் தையல் வேலை செய்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளுடன் ஒரே சுவருக்குள் அடங்கிய ஐந்து வாடகை வீடுகளுள் ஒன்றில் வாழ்கிறார். முந்தைய நாள் குடில் அமைக்கும் இடத்தைப் பெருக்க வந்திருந்தபோது நடந்ததைப் பார்த்திருக்கிறார்.

“சாமி, அந்தம்மா ஏன் சேலையை வச்சிட்டுப் போனாங்கன்னு தெரியுமா? அதுக்கு ஜாக்கெட் இல்ல. அவங்க போட்டிருந்தது முதுகுப் பக்கம் முழுக்கக் கிழிஞ்சிருக்கு, அதான் துவாலையைப் போட்டு மூடியிருக்காங்க. சேலையை மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க?”

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. குருமடத்தில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் கற்றவன் நான். தத்துவமும் இறையியலும் அங்கே கற்பித்தார்கள். ஒரு பெண்ணுக்குச் சேலை மட்டும் ஆடையாகாது என்பதை ஒரு தையல்காரப் பெண்மணியே எனக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தேடிப் பார்த்தோம். ஒரு ரவிக்கைகூட இல்லை. ரவிக்கை அவரவர் அளவுக்குத் தைப்பது. பிறருக்குப் பொருந்தாது என்று யாரும் அதைப் போடுவதில்லை. யாருக்கும் பொருந்தும் என்று எண்ணிக் கொடுப்பதே பெட்டியில் போடும் கொடை. ஒருவருக்குப் பொருந்தும்படி கொடுக்க வேண்டுமானால் அந்த ஒருவரை முதலில் பார்த்தாக வேண்டும்.

இவ்விடத்தில் தூர் நகர் ஆயர் புனித மார்ட்டினை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நவம்பர் 11ஆம் நாள் நாம் கொண்டாடும் இப்புனிதர், உரோமைப் படையில் இளம் வீரராக இருந்த காலத்தில், கடுங்குளிர் நாள் ஒன்றில் ஆமியான் நகரின் கோட்டை வாயிலில் ஆடையற்று நடுங்கிய ஏழை ஒருவரைக் கண்டு, தம் போர்வையை வாளால் இரு கூறாக்கிப் பாதியை அவருக்குக் கொடுத்த நிகழ்ச்சியைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். ஆனால் மார்ட்டினை நேரில் அறிந்த சுல்பீசியுஸ் செவேருஸ் என்பார் எழுதிய வரலாற்றில் வரும் மூன்று செய்திகளைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

முதலாவது, மார்ட்டினிடம் அப்போது எஞ்சியிருந்தது அந்த ஒரு போர்வையே. மற்ற ஆடைகளையெல்லாம் இவ்வாறே முன்னரே கொடுத்துத் தீர்த்திருந்தார். ஆகவே பாதி என்பது மிச்சம் அன்று, உடுத்தியிருந்ததில் பாதி. அடுத்து, எஞ்சிய பாதியைப் போர்த்திக்கொண்டு நின்ற அவரது கோலத்தைக் கண்டு சுற்றியிருந்தவர்களுள் சிலர் நகைத்தார்கள். வேறு சிலரோ, இவரைவிட நம்மிடம் மிகுதியாக இருந்ததே, நம் உடம்பு வெளித்தெரியாமலேயே அந்த ஏழைக்கு உடுத்தியிருக்கலாமே என்று உள்ளுக்குள் வருந்தினார்கள். அன்றிரவு ஆண்டவர் அந்தப் பாதிப் போர்வையை அணிந்தவராக மார்ட்டினின் கனவில் தோன்றியது அனைவரும் அறிந்ததே. மூன்றாவது செய்தி, அப்போது அவர் திருமுழுக்குப் பெற்றிருக்கவில்லை என்பது. கனவில் ஆண்டவரே அதைக் குறிப்பிட்டுச் சொல்கிறார். இன்னும் திருமுழுக்குப் பெறாத ஒருவர் செய்ததைத் திருமுழுக்குப் பெற்றவர்கள் நின்று வேடிக்கை பார்த்திருக்கக்கூடும்!

அந்தப் போர்வையைப் பிற்காலத்தில் பிராங்கு மன்னர்கள் திருப்பண்டமாகப் போற்றினார்கள். இலத்தீன் மொழியில் சிறு போர்வைக்கு உரிய சொல், அது வைக்கப்பட்ட இடத்துக்கும் பெயராயிற்று. இன்று நாம் ‘சேப்பல்’ என்று வழங்கும் சிற்றாலயத்தின் பெயர் அதிலிருந்து பிறந்ததே. ஒரு கொடையாளி கிழித்த துணியின் பெயரைத் திருச்சபை தன் வழிபாட்டிடத்துக்குச் சூட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழராகிய நமக்கு இது புதிய செய்தி அன்று. மழைக்கால மயிலைக் கண்டு, அது குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அளித்த பேகனும், படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டு வந்த பாரியும் நம் கடையெழு வள்ளல்கள். மயில் போர்வையை உடுத்துமா என்று பேகன் ஆராயவில்லை. கொடைமடம் என்று நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டார்கள். ‘மடம்’ என்ற சொல்லைக் குறையாக அல்ல, புகழாகவே வழங்கினார்கள். நாமோ இன்று மிகவும் அறிவாளிகள் ஆகிவிட்டோம். பத்து ரூபாய் கொடுப்பதற்குப் பத்துக் கேள்விகள் கேட்கிறோம்.

அக்கேள்விகளுள் முதன்மையானது, காசு கொடுத்தால் குடித்துவிடமாட்டாரா என்பது. 2017இல் தவக்காலத் தொடக்கத்தை ஒட்டி, மிலான் நகரில் வீடற்றோரின் குரலாக வெளிவரும் ‘ஸ்கார்ப் தே தெனிஸ்’ என்ற இதழின் நேர்காணலில் திருத்தந்தை பிரான்சிஸ் இதற்கு நேராகவே விடையளித்தார். உதவுவது எப்போதும் சரியானதே என்றார். ஒரு கிண்ணத் திராட்சை மதுதான் அம்மனிதருடைய ஒரே மகிழ்ச்சி என்றால், நீ மறைவில் எதில் மகிழ்ச்சி தேடுகிறாய் என்று உன்னையே கேட்டுக்கொள் என்னும் கருத்துப்படவும் பேசினார். நாணயத்தை எறிந்துவிட்டுப் போகாமல், முகத்தைப் பார்த்து, கையைத் தொட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்தியது. தள்ளாடி வருகிறவருக்கு நான் இன்னும் காசு கொடுப்பதில்லை. சாப்பாடு வாங்கித் தருகிறேன். திருத்தந்தையைவிட நான் கண்டிப்பானவனாக இருப்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி, பல வேளைகளில், கொடாதிருப்பதற்கு நாம் தேடிக்கொள்ளும் கௌரவமான காரணம் என்பதையும் என் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும்.

2025 ஏப்ரலில் மறைந்த அத்திருத்தந்தை, தாம் புவனோஸ் ஐரஸ் நகரில் அறிந்திருந்த தாய் ஒருவரைப் பற்றிப் பல முறை கூறியிருக்கிறார். தாயும் பிள்ளைகளும் உணவருந்தும் வேளையில் ஓர் ஏழை வந்து கதவைத் தட்டினார். என்ன செய்யலாம் என்று தாய் கேட்க, கொடுக்கலாம் அம்மா என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். தாய் கத்தியை எடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் தட்டிலும் இருந்த இறைச்சித் துண்டில் பாதியை வெட்டினார். ஐயோ அம்மா, இப்படி அல்ல என்று பிள்ளைகள் அலறினார்கள். கொடுப்பது என்றால் உன்னுடையதிலிருந்துதான் என்றார் தாய். மறைக்கல்வி வகுப்பில் ஓர் ஆண்டு முழுதும் நாம் கற்பிப்பதை அந்த அம்மையார் ஒரு கத்தியால் கற்பித்துவிட்டார்.

நம் குடும்பங்களிலும் இதற்கு வழி இருந்தது. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடும் பிடி அரிசி வழக்கத்தைச் சொல்கிறேன். என் தாயார் அதைச் செய்யக் கண்டிருக்கிறேன். அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி தவறியதில்லை. எங்கள் பங்கில் ஒரு பிடி குறையும், அவ்வளவே. இப்போது வீடுகளில் அரிசி மூட்டையாக இருக்கிறது, கலயம்தான் இல்லை.

பங்குகளில் தொண்டாற்றும் புனித வின்சென்ட் தே பவுல் சபையாருக்கு அவர்களுடைய தொடக்கத்தை நினைவூட்டுவது தவறாகாது. 1833இல் பாரீசில் அச்சபையைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையான பிரெடெரிக் ஓசானாமுக்கு அப்போது வயது இருபது, பல்கலைக்கழக மாணவர். ஏழைகளுக்காக நீங்கள் செய்வது என்ன என்று பிறர் கேட்ட கேள்வி உறுத்தவே, அவரும் நண்பர் ஒருவரும் தங்களிடம் மீந்திருந்த விறகைத் தாங்களே சுமந்து சென்று ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். உதவியை ஆள்வழி அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதே அன்றுமுதல் அச்சபையின் வழக்கமாயிற்று. நானோ சேலையைக் கோவில்பிள்ளையின் கையில் அனுப்பியவன்.

எங்கள் பெண்மணியிடம் திரும்புவோம். அன்று மாலை வேலை முடிந்ததும் அவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கடைவாசலுக்குப் போனார். அந்த அம்மாள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து பெயரைக் கேட்டார். நெடுநேரம் கழித்துப் பெயர் வந்தது. பிறகு அளவெடுத்தார். அளவெடுக்க வேண்டுமானால் தொடத்தானே வேண்டும்? சாலையில் போவோர் பார்த்தார்கள். ஓரிருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அன்றிரவே ரவிக்கையைத் தைத்து முடித்தார். கூடவே, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென்று சீட்டுப் பணத்தில் தமக்கு வாங்கி வைத்திருந்த புதுச் சேலையை எடுத்து வைத்தார். இருக்கிற சேலைகளில் ஒன்றைக் கொடுத்திருக்கலாமே என்று பின்னொரு நாள் கேட்டேன். அவற்றைக் கட்டி வேலைக்குப் போக வேண்டும் சாமி, இது சும்மாதானே இருந்தது என்றார். மிச்சத்தைக் கொடுப்பதற்கு நாம் சொல்லும் அதே காரணத்தை, தம்மிடம் இருந்த மிகச் சிறந்ததைக் கொடுப்பதற்கு அவர் சொன்னார்!

புதுச் சேலை உடுத்துமுன் குளிக்க வேண்டுமல்லவா? ஐந்து வீடுகளுக்கும் குளியலறை ஒன்றே. வெந்நீர் வைத்து அந்த அம்மாளை அழைத்துச் சென்றதும் பக்கத்து வீடுகளில் முணுமுணுப்பு எழுந்தது. வீட்டுக்காரர் வந்து, இது என்ன சத்திரமா, இன்னொரு முறை நடந்தால் வீட்டைக் காலி செய்ய நேரிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் அழுதாள். வயது வந்த பெண்ணை வைத்துக்கொண்டு வேறு வீடு தேடுவது எத்தகைய துன்பம் என்பதை வாடகை வீட்டில் வாழும் வாசகர்கள் அறிவீர்கள். அடுத்த முறை குளியல் பங்கு இல்லத்தின் பின்புறக் குளியலறையில் நடந்தது. அதைத் திறந்துவிட்டதே இந்த முழுக் கதையிலும் நான் தாமாகச் செய்த முதல் செயல்.

உடையும் உணவும் தீர்க்க முடியாத துன்பம் ஒன்று அந்த அம்மாளுக்கு இருந்தது. உறங்காமல் இரவெல்லாம் யாருடனோ பேசுவார். திடீரென்று அஞ்சி எழுந்து ஓடுவார். இத்தகையோரை நாம் ‘பைத்தியம்’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம். எங்களூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத முகப்பேரில் ‘தி பேன்யன்’ அமைப்பின் ‘அடைக்கலம்’ என்னும் இல்லம் இருக்கிறது. 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இளம்பெண்கள் இருவர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தபோது நிறுவியது அவ்வமைப்பு. சென்னையில் கல்லூரி ஒன்றின் அருகே சாலையில், அரைகுறை ஆடையுடன் மனம் கலங்கித் திரிந்த ஒரு பெண்ணை அவர்கள் கண்டார்கள். ஆயிரம் பேர் கடந்துபோன சாலை அது. அப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ள ஓர் இடம் தேடி அலைந்தார்கள். எங்கும் ஏற்கவில்லை. ஆகவே இத்தகைய பெண்களுக்கு இல்லம் ஒன்றைத் தாங்களே தொடங்கினார்கள். திட்டம் தீட்டிய பிறகு ஏழையைத் தேடியவர்கள் அல்லர் அவர்கள். கண்ணெதிரில் நின்ற ஒருத்திக்காகத் தொடங்கியவர்கள்.

சட்டமும் இப்போது துணை நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, மனநோயுற்றுத் தெருவில் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசேர்ப்பது காவல்துறையின் கடமை. அவரைக் காவல் நிலையச் சிறையில் அடைத்தல் கூடாது. வீடற்றவராயின், காணாமற்போனவர் என்று பதிவுசெய்து குடும்பத்தைத் தேடவும் வேண்டும். நகர்ப்புறத்தில் லட்சம் பேருக்கு ஓர் இரவு உறைவிடமேனும் அமைய வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் இந்நாட்டில் வீடற்றவர்கள் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகம். கணக்கெடுத்த இரவில் கண்ணில் பட்டவர்கள் மட்டுமே அவர்கள்.

ஆனாலும் சட்டத்தையும் இல்லத்தையும் நாடுமுன், அவருடைய கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். அவரும் அக்கையை நம்ப வேண்டும். நானும் ஒரு மருத்துவரும் முதலில் போய் அழைத்தபோது அந்த அம்மாள் ஓடிவிட்டார். தையல்காரப் பெண்மணி அழைத்தபோது வந்தார். ரவிக்கை அளவெடுத்த கை அது. தொலைபேசியில் பல இடங்களைக் கேட்டு, காவல் நிலையத்தில் தெரிவித்து, ஜனவரி இறுதியில் ஓர் இல்லத்தில் இடம் கிடைத்தது. ஆந்திரத்தில் ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்லி, அங்கே மகன் இருப்பதாக அந்த அம்மாள் கூறினார். விசாரித்ததில் அவ்வூரில் அப்படி ஒருவர் இருப்பதாகத் தெரியவில்லை. மருந்தால் உறக்கம் வந்திருக்கிறது. சில நாள்களில் நன்றாகப் பேசுகிறார். சில நாள்களில் எங்களை அடையாளம் தெரிவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பெண்மணி மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து வருகிறார்.

துணிப் பெட்டியை எடுத்துவிட்டேன். பங்குப் பேரவையில் அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. வேண்டாத துணிகளை இனி எங்கே போடுவது என்று ஒருவர் உண்மையான கவலையுடன் கேட்டார். இப்போது, கடைவாசல்களில் படுக்கிறவர்களை வாரம் ஒரு மாலை குடும்பம் குடும்பமாகச் சென்று பார்த்து, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வருகிறோம். ஒருவர் படிப்பதற்கான மூக்குக் கண்ணாடி கேட்டார். வேறொருவர் முகம் மழிக்கக் காசு கேட்டார். போர்வை கேட்டவர் இதுவரை ஒருவரே. எல்லாக் குடும்பங்களும் வருவதில்லை. மூன்றில் ஒரு பங்கு வந்தால் மிகுதி.

அந்த ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கு அந்த அம்மாளும் வந்திருந்தார். அப்போது இல்லத்தில் இடம் கிடைத்திருக்கவில்லை. மயில்கழுத்து நிறச் சேலை உடுத்தி, கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருந்தார். உன்னதங்களிலே பாடப்பட்டபோது மணியோசை கேட்டு எழுந்து நின்றார். பிறகு நெடுநேரம் உட்காரவே இல்லை. திருப்பலி முடிந்து எல்லாரும் வாழ்த்துக் கூறிக்கொண்டிருந்த வேளையில், தையல்காரப் பெண்மணியைப் பார்த்து ஓர் அம்மையார், “என்னக்கா, நல்ல நாளும் அதுவுமா பழைய சேலையோட வந்திருக்கீங்க?” என்று சற்று உரக்கவே கேட்டது என் காதில் விழுந்தது.

“ஓரம் அடிக்கக் குடுத்தேன், இன்னும் வரல” என்று சொல்லிவிட்டு, அவர் மகளின் கையிலிருந்த கேக் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கடைசி வரிசையை நோக்கிப் போனார்.